கூட ஓடியவளின் விலாக்குத்து

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவிலிருந்து மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூவருமே நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்கள். கோவையில் இப்போதெல்லாம் மழை விட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்காவது ரோட்டை அடைத்து ஓட்டப் போட்டி வைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு போட்டியின் முதலுதவிக் கூடாரத்தில் இவர்கள் உட்கார வேண்டுமாம்.

"எல்லாத்து கையிலயும் வாட்ச் இருக்குதுங்க மேடம். நெஞ்சுத் துடிப்பு, ரத்தத்துல ஆக்சிஜன், ராத்திரி எவ்வளவு தூங்குனாங்க, எல்லாம் காட்டுது. ஆனா பாதி வழியில விலாவைப் புடிச்சுட்டு உக்காந்துட்டா அந்த வாட்ச்சுல ஒண்ணும் தெரியறதில்லீங்க. அப்ப நாங்க என்னத்தைப் பாக்கறதுங்க?" என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தி, நந்தினி.

ஆளைப் பாருங்கள் என்றேன். அது போதாது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அதைக் கற்றுக் கொடுத்த மனிதரையும், அவரும் நானும் சேர்ந்து பார்த்த ஒரு கேஸையும் சொன்னேன். காப்பி ஆறிப்போனது. கிளம்பும்போது, இதை எழுதி வையுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோயமுத்தூரிலேயே படித்தேன். பக்கவாதம் வந்தவர்களின் விரல்களை விரித்துவிடுவதிலும், பிளாஸ்டர் பிரித்த கால்களை மடக்கிவிடுவதிலும் முதல் சில வருடங்கள் போயின. ஆர்.எஸ்.புரத்தில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்கு மாறிய பிறகுதான், உடம்பு நன்றாக இருக்கும்போதே வலிக்கிறது என்று வருகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஓடுகிறவர்கள் எல்லாம் அந்த ரகம்.

அங்கே எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் ஜெகந்நாதன். வீட்டில் தெலுங்கு, வெளியே கொங்குத் தமிழ். ஐந்து வயதுப் பிள்ளையைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அதைவிடத் தாழ்வான முக்காலியில் தான் உட்காருவார். பெயரைக் கேட்பதற்கு முன்னால், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். அடுத்து, எல்லாரிடமும் சொல்கிற ஒரே வாக்கியம்: "வலிக்கிற எடத்தைக் காட்ட வேண்டாமுங்க. வலியை வரவைக்கிற வேலையைச் செஞ்சு காட்டுங்க." தோசை சுட்டால் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது என்று வந்த ஒரு அம்மாளுக்காக கேன்டீனிலிருந்து தோசைக்கல்லை வரவழைத்தவர் அவர். அந்த அம்மாள் சுட்ட தோசையை நாங்கள் எல்லோரும் தின்றோம். அவர் வீட்டு அடுப்பு உயரமாக இருந்ததுதான் கோளாறு.

அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் அவசரப்பட்டு இதுதான் காரணம் என்று சொன்னால், "இருக்கலாமுங்க" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்தால் திரும்பவும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

அவரிடம் சேர்ந்த புதிதில் ஒரு நூல் வியாபாரி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசிப் பகுதியில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிடுகிறது என்றார். கையில் ஒரு ஒயர் கூடை. அதில் வாழைப்பழம், உப்புக் கரைசல் பொட்டலம், மருந்து அடிக்கிற டப்பா, எலுமிச்சை, எல்லாம் இருந்தன. "இதுல எது வேலை செய்யும்னு மட்டும் சொல்லீருங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் கூடையை வாங்கி ஓரமாக வைத்தார். மறுநாள் காலையில் வியாபாரி வழக்கமாக ஓடுகிற இடத்துக்கே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வியாபாரி தன் கூட்டத்தோடு கிளம்பினார். கிளம்பிய வேகத்தைப் பார்த்தால் பின்னால் நாய் துரத்துகிறது என்று நினைக்கத் தோன்றும். முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார், இவர் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டே போனார். முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதிர்பார்த்தபடியே காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கூட ஓடியவர்கள் இறுகிய சதையைக் குத்தி இளக்குவதற்கு முஷ்டியை ஓங்கினார்கள்.

"குத்தாதீங்க, சித்த தள்ளி நில்லுங்க" என்று டாக்டர் உட்கார்ந்தார். முழங்காலை மெதுவாக நேராக்கினார். பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து, விரல்கள் வியாபாரியின் முகத்தைப் பார்க்கிற மாதிரி மெல்லச் சாய்த்தார். வெடுக்கென்று இழுக்கவில்லை. சதை விடுகிறவரை அப்படியே பிடித்திருந்தார். உள்ளே துள்ளிக்கொண்டிருந்த கெண்டைச் சதை அடங்குவது எனக்கே கண்ணில் தெரிந்தது. பிறகுதான் உள்ளங்கையால் இலேசாக நீவிவிட்டு, நடக்கச் சொன்னார். ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"முன்னால போனது யாருங்க?"

"எஞ் சம்பந்திங்க."

"நீங்க உங்க ஓட்டத்தை ஓடறீங்களா, சம்பந்தி ஓட்டத்தை ஓடறீங்களா?"

உப்பும் தண்ணீரும் வேண்டியவைதான், ஆனால் வியாபாரியின் கால் கேட்டது வேறு. பழகாத வேகத்தில் களைத்துப்போன சதைதான் பிடித்துக்கொண்டது. முதல் பகுதியை, பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் ஓடச் சொன்னோம். வீட்டு மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியை நான் கற்றுக் கொடுத்தேன். அடுத்த போட்டியை அவர் நிற்காமல் ஓடி முடித்தார். சம்பந்தியை முந்திவிட்டதாக மைசூர்பா டப்பாவோடு வந்து சொன்னார். டாக்டர் முதலில் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மைசூர்பாவைத் தொட்டார்.

இன்னொரு நாள் ஒருவர் விலாப் பிடிப்பு என்று வந்தார். ஓடினால் வருகிறது, நின்றால் போகிறது, ஆனால் வலி விலாவுக்கு மேலே, நெஞ்சின் நடுவே, இடது தோளுக்கும் ஏறுகிறது என்றார். டாக்டர் அவரை ஓடிக் காட்டச் சொல்லவில்லை. எழுந்திருக்கக்கூட விடாமல் சக்கர நாற்காலியில் இருதயப் பிரிவுக்கு அனுப்பினார். அன்று மாலையே அடைப்பு எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். "எல்லாக் குத்தும் விலாக்குத்து இல்லீங்க" என்று அன்றைக்கு மட்டும் டாக்டர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். கூடாரத்தில் உட்காரப்போகும் மூவருக்கும் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

இனி அந்தக் கேஸ்.

கோகிலாவும் தங்கமணியும் வெள்ளகோவிலிலிருந்து வந்தார்கள். கோகிலாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஒரு வங்கிக் கிளையில் தொலைபேசி வேலை. விடுதியில் தங்கிப் படித்த காலத்திலிருந்தே ஓடுகிறவள். தங்கமணி அவளுடைய புருஷனின் தங்கை. அண்ணனின் தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டுகிறவள். பார்வையற்றவர்கள் ஓடும்போது கூடவே ஒருவர் ஓடி வழி சொல்ல வேண்டும். இருவர் கையையும் ஒரு சிறு கயிறு இணைத்திருக்கும். கூட ஓடுகிறவர் இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது, முடிவுக் கோட்டை முதலில் தாண்டக்கூடாது, கயிற்றை விடக்கூடாது. அவர் நின்றுவிட்டால் பார்வையற்றவரின் ஓட்டமும் அங்கேயே முடிந்தது. கோகிலாவுக்குக் கூட ஓடுகிறவள் தங்கமணி.

அதனால் எனக்கு முதலில் ஒரு குழப்பம். நான் கோகிலாவைப் பரிசோதனைக் கட்டிலுக்குக் கூப்பிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே தங்கமணியின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "வலி எனக்கில்லீங்க. இவளுக்கு."

தங்கமணி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தைய மாநிலப் போட்டியில், ஐயாயிரம் மீட்டரில், பாதிக்கு மேல் ஓடிவிட்டு, இவர்கள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்த நேரத்தில், இடது விலாவுக்குக் கீழே கத்தி சொருகினது போலக் குத்தியிருக்கிறது. மடிந்து உட்கார்ந்துவிட்டாள். கோகிலா மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறாள். மற்றவர்கள் தாண்டிப் போகிற காலடிச் சத்தத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"ஒரு தடவை இல்லீங்க மேடம். பழகறப்பவும் வருது. நெறையா ஓடுனாலே வருது. அடுத்த தேர்வு ஈரோட்டுல. அதுலயும் உக்காந்துட்டேன்னா கோச் வேற ஆளைப் போட்டுக்கறேன்னுட்டாருங்க" என்றாள் தங்கமணி. "போட்டாலும் சரித்தானுங்க. என்னால நங்கை தோக்கக் கூடாது."

நங்கை என்றால் எங்கள் பக்கம் அண்ணன் மனைவி.

"வேற ஆளோட நான் ஓடலீங்க" என்றாள் கோகிலா. குரலை உயர்த்தாமல், ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கதவோரமாக நின்றிருந்த கோகிலாவின் புருஷன் சிவகுமார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏனுங்க மேடம், ஊட்டுல ரெண்டு பேரும் சரியா சாப்பிடறதில்லீங்க. எம் பொண்டாட்டி ஓடோணும். எந் தங்கச்சி அழாம இருக்கோணும். ரெண்டும் ஆகற மாதிரி பாத்துக் குடுங்க."

நான் சாப்பாட்டில் ஆரம்பித்தேன். தங்கமணி விடிவதற்கு முன்னால் எழுந்து வீட்டு வேலைகளை முடித்துவிட்டு, மைதானத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் கரைத்த பழைய சோற்றை ஒரு போசி நிறையக் குடித்துவிடுவாள். ஓடும்போது தாகம் எடுத்தால் நிற்க முடியாதே என்று அதற்கு மேல் ஒரு சொம்பு மோர். வயிறு ததும்பத் ததும்ப ஓடினால் யாருக்கும் குத்தும். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"இருக்கலாமுங்க" என்றார்.

ஆனாலும் அதைச் சரிசெய்தோம். கனமான சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும், இடையில் பசித்தால் அரை வாழைப்பழம், தண்ணீர் வாய் நனைகிற அளவு அடிக்கடி, இனிப்பான ஜூஸ் எதுவும் ஓட்டத்துக்கு முன்னால் வேண்டாம் என்றேன். எடுத்த எடுப்பில் ஓடாமல் நடந்து, மெல்ல ஓடி, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வேகம் எடுக்கச் சொன்னேன். வயிற்றுத் தசையும் இடுப்பும் உறுதியாவதற்கு முழங்கையை ஊன்றிப் படுத்து உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தும் பயிற்சி கொடுத்தேன். ஒன்றுவிடாமல் செய்தாள். அடுத்த முறை வந்தபோது, குத்து முன்னைவிடத் தாமதமாக வருகிறது என்றாள். தாமதமாகத்தான் வந்ததே தவிர வராமல் இல்லை. ஐயாயிரம் மீட்டர் முடிவதற்குள் எப்படியும் வந்தது.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. அவள் தனியாக ஓடினால் குத்துவதே இல்லை. ஆஸ்பத்திரியில் ஓடு இயந்திரத்தில் அவளை அதே வேகத்தில், அதைவிட அதிகத் தூரம் ஓடவிட்டுப் பார்த்தோம். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கயிற்றைப் பிடித்து கோகிலாவோடு ஓடினால் மட்டும் வருகிறது. பயமாக இருக்கலாம், நங்கையைத் தோற்கவைத்துவிடுவோம் என்கிற பதற்றமாக இருக்கலாம் என்றேன். டாக்டர் அதற்கும் அதே சொல்லைச் சொன்னார். பிறகு, "இங்க பாத்தா தெரியாதுங்க. நாம போலாம்" என்றார்.

ஒரு கல்லூரி மைதானத்தில் அவர்களை வரச் சொன்னோம். இருவரும் ஓட, டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்தார். தங்கமணி வெளிப்பக்கம், இடது கையில் கயிறு. அவள் முகமும் தோளும் எப்போதும் கோகிலாவின் பக்கமே திரும்பியிருந்தன. முன்னால் சற்றுக் குனிந்தும் ஓடினாள். இதைக் குறித்துக்கொண்டேன். டாக்டருக்கு மட்டும் திருப்தி வரவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பதில் ஏதோ தவறுகிறது என்று அவர் நெற்றி சொன்னது.

"சாந்தாமணி," என்று என்னைக் கூப்பிட்டார். "அந்தத் துப்பட்டாவைக் கண்ணுல கட்டிக்குங்க. தங்கமணி கூட நீங்க ஒரு ரவுண்டு ஓடிட்டு வாங்க."

அப்போது எனக்கு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த வயது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவது எப்படி இருக்கும் என்பதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த அடியில் சுவர் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது என்று உடம்பே பின்வாங்கும். காதைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. அந்தக் காதில் தங்கமணியின் குரல் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. "நேரா வாங்க மேடம், நேரா, நேரா, சித்த இந்தப்பக்கம், வளைவு வருது, வளைவு, வளைவு, காலை எடுத்து வைங்க, பயப்படாதீங்க, நேர்ப்பாதை வந்துருச்சு, நல்லா வாறீங்க, இங்க ஈரமா இருக்குது, தாண்டியாச்சு..." தறிச்சத்தத்தில் பேசிப் பழகிய குரல். வேகம் கூடியதும் குரலும் கூடியது.

பாதிச் சுற்றில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் எப்போது மூச்சு விடுகிறாள்? வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறாள். வெளியே விடுகிற காற்றை எல்லாம் பேச்சுக்கே செலவழிக்கிறாள். ஒரு தடவைகூட முழுதாக ஊதி விடவில்லை. இயந்திரத்தில் ஓடியபோது அவளுக்குப் பேச வேண்டிய அவசியம் இல்லை. யாருக்கும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு மூச்சிரைக்க அதைத்தான் சொன்னேன். டாக்டர் இந்த முறை "இருக்கலாமுங்க" என்று சொல்லவில்லை. எழுந்து நின்றுவிட்டார். ஆனால் அவருக்கு முன்னால், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கோகிலா பேசினாள்.

"அது எனக்குத் தெரியுங்க மேடம். குத்தறதுக்கு ஒரு ரவுண்டு முந்தியே இவ மூச்சு மாறிரும். குட்டையா, கீச்சுனு கேக்கும். கேட்டதும், இன்னைக்கும் வரப்போகுதுன்னு தெரிஞ்சுக்குவேன்."

தங்கமணி அவளையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா நங்கை? அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ பயந்து நின்னு போயிருவியோன்னு பேசாம ஓடுனேன் கண்ணு. நீயுந்தான் குத்துதுன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை. உக்கார்ற வரைக்கும் சொன்னதில்லை."

"சொன்னா நீங்க வேகத்தைக் கொறைச்சுப் போடுவீங்கன்னுதான்."

தங்கமணி போய்ப் படிக்கட்டில் கோகிலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் தன் வழக்கப்படி அவர்களைவிடத் தாழ்வான படியில் போய் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சுட்டே இவ்வளவு தூரம் ஓடீருக்கீங்க. மறைக்காம ஓடுனா எங்க போய் நிக்கறீங்கன்னு பாக்கலாமுங்க. இந்தக் குத்து எதனால வருதுன்னு உலகத்துல இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லலீங்க. எதைச் செஞ்சா அடங்குதுன்னு கொஞ்சம் தெரியும். நமக்கு அது போதும்."

முதல் வேலை, தங்கமணியின் பேச்சைக் குறைப்பது. அது லேசில் நடக்கவில்லை. "பேசாம எப்படிங்க ஓடறது? அவங்க உழுந்துட்டா?" என்று மறுத்துக்கொண்டே இருந்தாள். தறிக்குடோனில் சத்தத்துக்கு நடுவே எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று சும்மா கேட்டேன். "கத்துவோம். முடியலைன்னா தோளைத் தட்டிச் சாடை காட்டுவோமுங்க" என்றாள். சொன்ன பிறகு தானே நிறுத்தி யோசித்தாள். கயிறு பிடித்த இருவர் கைகளும் ஓடும்போது கிட்டத்தட்ட உரசிக்கொண்டுதான் இருக்கும். புறங்கையால் ஒரு தட்டு என்றால் வளைவு ஆரம்பம், மறுபடி ஒரு தட்டு என்றால் வளைவு முடிந்தது. மற்றதெல்லாம் அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். வாயால் சொல்ல வேண்டியிருந்தால் ஒரே சொல். அதையும் மூச்சை விடும்போது சொல்ல வேண்டும். கோகிலா பக்கம் திரும்பாமல், குனியாமல், முன்னால் பார்த்து ஓடவும் சொன்னோம்.

இரண்டாவது வேலை, குத்து தலைகாட்டினால் என்ன செய்வது என்பது. உதட்டைக் குவித்து, சூடான பாலை ஆற்றுவது போல, வயிறு உள்ளே ஒட்டுகிற வரைக்கும் நீளமாக ஊத வேண்டும். குத்துவது இடது பக்கம் என்பதால், வலது கால் தரையில் படும்போது ஊத ஆரம்பிக்க வேண்டும். சும்மா இருக்கும் வலது கையால் குத்துகிற இடத்தை விரல்கள் சேர்த்து அழுத்திக்கொள்ளலாம். தோளைக் கீழே விட வேண்டும். வேகத்தை ஒரு பிடி குறைக்க வேண்டும். அடங்காவிட்டால்தான் நடப்பது, கையைத் தலைக்கு மேல் தூக்கி எதிர்ப்பக்கம் சாய்ந்து விலாவை நீட்டிவிடுவது எல்லாம். போட்டியில் அதுவரை போகக்கூடாது என்பதுதான் எங்கள் குறி.

மூன்றாவது, கோகிலாவே கொண்டுவந்தது. "இவ மூச்சு மாறுனா நான் ரெண்டு தட்டுத் தட்டறேனுங்க. தட்டுனா ஊதோணும். குத்தல் வந்துட்டா இவ எனக்கு ரெண்டு தட்டோணும். நான் வேகத்தைக் கொறைச்சுக்கறேன். அவ சரியானதும் சேந்து எடுத்துக்கறோம்."

"கொறைச்சா பின்னால போயிருவமே நங்கை."

"உக்காந்துட்டா அதைவிடப் பின்னாலதான போவோம்."

வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறி வந்தார்கள். மற்ற நாட்களில் வெள்ளகோவிலில் ஓடினார்கள். ஆரம்பத்தில் தங்கமணி பேசாமல் ஓட முயன்று இருவரும் ஒருமுறை சரிந்து விழுந்தார்கள். முழங்கையில் சிராய்ப்போடு வந்து நின்றபோது, விட்டுவிடப்போகிறார்கள் என்று நினைத்தேன். கோகிலா சிராய்ப்பைக் காட்டி, "வளைவுல தட்டுனா, நான் பேச்சுக்குக் காத்துட்டு இருந்துட்டேனுங்க. தப்பு என்னோடதுங்க" என்றாள். அதன் பிறகு விழவில்லை. கொஞ்ச நாளில் மைதானத்தில் அவர்கள் ஓடினால் காலடிச் சத்தமும் தங்கமணி ஊதுகிற சத்தமும் மட்டும்தான் கேட்கும். ஐயாயிரம் மீட்டரைக் குத்தாமல் முடித்த அன்று தங்கமணி நம்பாமல் விலாவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈரோட்டுத் தேர்வுக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலில் வந்து இறங்கி, கையில் ஒரு குடையோடு மைதானத்தின் வேலிக்கு அருகில் நின்றிருந்தார். சிவகுமார் எனக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தார்.

ஓட்டம் ஆரம்பித்தது. இருவரும் நிதானமாக எடுத்தார்கள். முதல் சில சுற்றுகளில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தார்கள். மற்ற ஜோடிகள் கத்திக்கொண்டு ஓட, இவர்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தங்கமணியின் தோள் நேராக இருந்தது. முகம் முன்னால் பார்த்தது. பாதி தாண்டியபோது மூன்றாவது இடம். அப்புறம் இரண்டாவது. முன்னால் சென்னைக்காரப் பெண் ஒருத்தி, கூட ஓடியது நெடுநெடுவென்று ஒரு வாலிபன்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்து வளைவில் தங்கமணியின் வலது கை இடது விலாவுக்குப் போனது.

சிவகுமார் நடப்பதை நிறுத்திவிட்டார். "புடிச்சுருச்சுங்களா மேடம்?" என்றார். போன முறை அவள் மடிந்து உட்கார்ந்ததும் ஏறக்குறைய இந்தக் கட்டத்தில்தான்.

இருவரும் வேகத்தைக் குறைத்தார்கள். ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் சொல்லி வைத்த மாதிரி குறைத்தார்கள். பின்னால் வந்த ஜோடி தாண்டிப் போனது. சென்னைக்காரி விலகிக்கொண்டே போனாள். எங்கள் பக்கத்தைக் கடக்கும்போது தங்கமணியின் முகத்தைப் பார்த்தேன். நெற்றி சுருங்கியிருந்தது. ஆனால் உதடு குவிந்திருந்தது. ஊதினாள். வலது கால், ஊது. மறுபடி வலது கால், ஊது. வயிறு உள்ளே போவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. விரல்கள் விலாவை அழுத்திக்கொண்டிருந்தன. கோகிலா அவளுடைய காலடிக்குத் தன் காலடியைப் பொருத்திக்கொண்டு, தலையை லேசாக அவள் பக்கம் சாய்த்து, அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு ஓடினாள். அந்த நேரத்தில் யார் யாருக்கு வழிகாட்டி என்று கேட்டால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஒரு முழுச் சுற்று அப்படியே போனது. அடுத்த சுற்றின் வளைவில் தங்கமணியின் கை விலாவை விட்டு இறங்கியது. தோளை ஒருமுறை உதறிக்கொண்டாள். கோகிலாவின் புறங்கையை அவள் தட்டினாளா, கோகிலா அவளைத் தட்டினாளா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. இருவரும் ஒரே அடியில் வேகம் எடுத்தார்கள்.

தங்களைத் தாண்டிப் போன ஜோடியை அடுத்த நேர்ப்பாதையிலேயே பிடித்தார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது சென்னைக்காரிக்கும் இவர்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி. ஆனால் அந்த வாலிபன் இப்போது கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, அவனே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். இவர்களிடம் மூச்சு மிச்சம் இருந்தது. கடைசி வளைவில் தோளோடு தோள் சேர்ந்தார்கள். நேர்ப்பாதைக்கு வந்ததும் தங்கமணி முதல்முறையாக வாயைத் திறந்தாள். தறிக்குடோனின் மறுகோடிக்குக் கேட்கிற குரலில் ஒரே சொல்: "போங்க."

கோகிலா போனாள். கயிறு நீளுகிற அளவுக்கு அவள் முன்னால், தங்கமணி அரை அடி பின்னால். அப்படியே கோட்டைத் தாண்டினார்கள். சென்னைக்காரி இவர்களுக்குப் பிறகுதான் வந்தாள்.

சிவகுமார் வேலியைத் தாண்டிக் குதித்ததை நான் பார்க்கவில்லை, பார்க்கும்போது அவர் அந்தப் பக்கம் இருந்தார். மைக்கில் கோகிலாவின் பெயரை முதலிடம் என்று வாசித்தார்கள். அடுத்து தேசியப் போட்டிக்குத் தேர்வு என்றும் வாசித்தார்கள். கோகிலா தங்கமணியின் கையை விடவே இல்லை. கயிற்றைக் கழற்ற வந்த நடுவரிடம், "சித்த இருங்க, நாங்களே கழட்டிக்கறோம்" என்றாள்.

டாக்டர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெதுவாக அவர்களிடம் வந்தார். வாழ்த்துச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் தங்கமணியின் முகத்தையே சற்று நேரம் பார்த்தார்.

"வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்க டாக்டர். எப்பவும் வர்ற எடத்துலயே வந்துச்சுங்க."

"அப்பறம்?"

தங்கமணி இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி நிமிர்ந்து நின்றாள். வேர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

"நிக்காமயே தொரத்திப்போட்டோமுங்க" என்றாள்.